கோமு அக்கா தூக்குச்சட்டி

ஆடி 3, வெள்ளி

அதைத்தான் சொல்ல வந்தேன் முப்பிடாதி தாயே, நீயே சொல்லு, குக்கர் மேல போடுத குண்டு இல்லாம ஒருத்தி எப்படிப் பருப்பு வேகவைப்பா? வெள்ளிக்கிழமை அதுவுமா குளிச்சு, கோலம் போட்டு, உனக்கு விளக்கேத்திட்டு அடுக்களைக்குள்ள போறேன். குக்கர் இருக்கு, மூடி இருக்கு, குண்டைக் காணோம். பாத்திரக் கூடை, கழுவுத தொட்டி, சாக்கடை வாய் வரைக்கும் கையை விட்டுத் துழாவிட்டேன். பாத்திரம் தேய்க்க வருத மாரியை ஒரு நிமிசம் சந்தேகப்பட்டேன், அந்தப் பாவமும் எனக்கு. கடைசியில பாத்தா அது வடிவு மேசையில, வெள்ளைத்தாளுக்கு நடுவுல, நீ கோயில்ல இருக்கது மாதிரி உக்காந்திருக்கு. இவ கன்னத்துல கையை வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்கா.

"ஏட்டி, இது என்னட்டி?"ன்னேன்.

"சத்தம் போடாதீங்க அத்தை. அது பேசப் போகுது."

"குக்கர் மேல போடு, தெரு முழுக்கக் கேக்குத மாதிரி பேசும்"னேன்.

வடிவு எங்க தம்பி மக. மெட்ராஸ்ல நல்ல கம்பெனியில நல்ல வேலை. அதை விட்டுட்டு கதை எழுதப் போறேன்னு வந்து நிக்கா. தம்பி வீட்ல சண்டை. "அக்கா, ஒரு மாசம் உன் வீட்ல வச்சுக்கோ, ஆவணி பொறந்ததும் ஒரு முடிவு பண்ணிக்கிடலாம்"னு அனுப்பி விட்டுட்டான். கம்ப்யூட்டர்ல கதை சொல்லிக்குடுக்க ஒரு சார் இருக்காராம். அவரு சொன்னாராம், கதையைத் தேடி எங்கயும் போகாதீங்க, வீட்ல கெடக்குத சாமானை ஒண்ணொண்ணா எடுத்து முன்னால வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க, கதை அதுலேருந்து வரும்னு. அந்தச் சார் வீட்ல யாரு சமைக்காகன்னு எனக்குத் தெரியணும்.

இந்த டைரியும் அவ குடுத்ததுதான். நகைக்கடையில குடுத்த போன வருசத்து டைரி. "நீங்க பேசிக்கிட்டே இருந்தா எனக்கு எழுத ஓடல அத்தை. சொல்ல வேண்டியதையெல்லாம் இதுல எழுதுங்க"ன்னா. நான் எட்டாங்கிளாஸ். எழுத வராதுன்னேன். "பேசுத மாதிரியே எழுதுங்க"ன்னா. மனுசங்ககிட்டப் பேசக் கூடாதுன்னா உன்கிட்டத்தான பேசணும். அதான் உன் பேரைப் போட்டு ஆரம்பிச்சுட்டேன். இங்கிலீஷ் தேதியை அடிச்சுட்டு நம்ம தேதி போட்டுக்கிட்டேன்.

ஆடி 4, சனி

குண்டு வந்துருச்சு. இப்ப டீ வடிகட்டியைக் காணோம்.

ஆடி 7, செவ்வாய்

இன்னைக்கு என்னென்ன போச்சுன்னு கேளு. டிவி ரிமோட்டு, நான் அழுக்குப் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வச்சிருக்கேன், அதை உரிச்சு வச்சிருக்கா. "இத்தனை வருசம் சட்டைக்குள்ளயே இருந்திருக்கு, அதுக்கு வெளி உலகமே தெரியாது அத்தை"ங்கா. ரிமோட்டுக்கு உலகம் தெரிஞ்சு என்ன செய்யப் போகுது? அப்புறம் துணி காயப்போடுத கிளிப்பு. அப்புறம் பால் சட்டி மேல போட்டிருந்த மூடி. அந்த மூடி சைசு பத்தாது. பாத்து வைக்கலன்னா டுபுக்குன்னு பாலுக்குள்ள விழுந்து முங்கிரும். அதுக்காக எடுத்துட்டுப் போயிருவாளா? பாலைத் திறந்து போட்டதுல பூனை வந்து பங்கு வச்சிருச்சு.

"இது எந்தப் பாத்திரத்து மூடி அத்தை?"ன்னா.

"எனக்கென்ன தெரியும்? மூடின்னா வீட்ல நாலு கெடக்கும். குடு இங்கன."

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். சாமி ஷெல்புல, உன் படத்துக்குப் பக்கத்துல, எங்க வீட்டுக்காரக கண்ணாடிக்கூடு இருக்கு பாரு, அது மேல கையை வச்சுட்டா. எனக்கு எங்கேருந்து அவ்வளவு சத்தம் வந்துச்சுன்னு தெரியல. பிள்ளை பயந்து போயிட்டா. "கண்ணாடி மட்டும் கெடக்கட்டும், வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோ"ன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆடி 10, வெள்ளி

வேற எதை வேணும்னாலும்னு சொன்னேன்ல, ஸ்டூலைப் போட்டு ஏறி பரண்ல கையை விட்டுட்டா. பழைய பேப்பருக்குப் பின்னால சுத்தி வச்சிருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்துட்டு வந்துட்டா. ஊரே பாக்குத மாதிரி முன்ரூம்ல நின்னுக்கிட்டு வாசிக்கா: "பொ. கோமதி."

நம்ம பக்கத்துல பாத்திரம் வாங்குனா பேரு வெட்டாம கடையை விட்டு இறங்க மாட்டோமே. அந்த வழக்கத்தை எவன் கண்டுபிடிச்சான்.

"யாரு அத்தை கோமதி?"

"ஊருக்குள்ள கோமதிக்கா பஞ்சம்? ஏதோ கல்யாண வீட்ல மாறி வந்திருக்கும்."

"கோமு அத்தை பேரு கோமதிதான?"

பாத்துக்கோ. கதை எழுதத் தெரியல, இது மட்டும் தெரியுது.

"மூடி எங்க அத்தை?"

"மூடி இல்லாமத்தான் வந்துச்சு. உள்ள வை"ன்னேன்.

உனக்குத் தெரியாதது இல்ல. ஆனா எழுதுன்னு சொன்னதால எழுதுதேன். கோமு அக்கா எங்க மூத்தாரு பொண்டாட்டி. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்ல, ஒரே அடுப்புல எத்தனையோ வருசம் பொங்கினோம். எங்க வீட்டுக்காரக தவறுன வருசம், வருசம் திரும்பல. பங்காளி வீட்ல தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, ஒரு நல்லது கிடையாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவ அடுத்த தெருவுல வீடு கட்டி, பந்தல் போட்டு, பால் காய்ச்சுதா. காய்ச்சுனவ சும்மா இருந்தாளா? எனக்குத் தூக்குச்சட்டி நிறையச் சிறுபருப்புப் பாயாசம் குடுத்து விடுதா. விளக்கு அணைஞ்ச வீட்டுக்கு இனிப்பு! அப்படியே கொண்டுபோய் புறவாசல்ல ஊத்திட்டேன். ஊத்திட்டேன்னு வாசல்ல நின்னு நாலு பேரு காதுல விழுத மாதிரியும் சொன்னேன். அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு.

சட்டியைத் திருப்பிக் குடுத்திருக்கலாம்தான். ஆனா பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர முடியுமா? ஒரு கை சீனியாவது போட்டுக் குடுக்கணும்ல. அவளுக்கு எதைப் போட்டுக் குடுக்க? அப்படியே கெடந்துருச்சு.

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுட்டானாம். அவ வீட்டுக்காரக, எங்க பெரியத்தானுக்கும் முடியல. வீட்டைப் பூட்டிட்டு ஒரேயடியாப் போறாகளாம். ஆடியில வீடு மாறக் கூடாதுன்னு இருக்காக, ஆவணி ரெண்டாந்தேதி ஞாயித்துக்கிழமை ரயிலு. போகட்டும். எனக்கென்ன.

ஆடி 12, ஞாயிறு

முப்பிடாதி, நான் இவளைத் தம்பி வீட்டுக்கே அனுப்பிரப் போறேன்.

கதை வந்துருச்சாம். தூக்குச்சட்டியிலேருந்து வந்துச்சாம். கத்தரிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தவளைப் பிடிச்சு உக்கார வச்சு வாசிச்சா. ஒரு பொம்பளை வீட்ல இன்னொருத்தி தூக்குச்சட்டி கெடக்கு. நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம்னு இருக்கா. சட்டிக்காரி பேரை மட்டும் மாத்தி ராமலட்சுமின்னு போட்டிருக்கா, பெரிய கெட்டிக்காரி. சட்டி பரண்ல கெடந்து என்ன நினைக்குதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கா. அது கூட நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில அந்த ராமலட்சுமி செத்துப்போறா. இவ சட்டியை எடுத்துக்கிட்டு இழவு வீட்டுக்குப் போறா. அங்க ஊர்ப் பாத்திரமெல்லாம் குமிஞ்சு கெடக்கு, அதுக்கு நடுவுல யாருக்கும் தெரியாம வச்சுட்டு வந்துருதா.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

"ஏட்டி, அவ எதுக்குட்டி சாகணும்?"

"கதைன்னா ஒரு முடிவு வேணும்ல அத்தை."

"முடிவு வேணும்னா வீட்டைக் கட்டு, கல்யாணம் பண்ணி வை, ஊரு ஓரமா ஒரு கோயில் எழுப்பு. குத்துக்கல்லாட்டம் இருக்கவளைக் கொல்லுவியா? ஆடி மாசத்துல? வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு?"

"அது ராமலட்சுமி அத்தை. கோமு அத்தை இல்ல."

"நான் கோமுன்னு சொன்னேனா?"

"பத்திரிகைக்கு அனுப்பிட்டேன் அத்தை."

அனுப்பிட்டாளாம். ஒரு பட்டனை அமுக்குனா போயிருமாம். சாப்பாடு ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. கத்தரிக்காய் முத்தல்.

ஆடி 14, செவ்வாய்

உன் கோயிலுக்கு வந்தேன், உனக்கே தெரியும். வடிவு எழுதுனது பலிச்சிரக் கூடாது, அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல. பூசாரி "பேரு, நட்சத்திரம்"னாரு. "கோமதி, உத்திராடம்"னேன். சட்டுன்னு வந்துருச்சு வாயில. "யாரு, மேட்டுத்தெரு கோமதியாச்சியா?"ன்னு சிரிச்சாரு. "ஒரு தெரிஞ்சவ. நீங்க மணியை அடிங்க"ன்னேன்.

ஒரு வேண்டுதலுக்கு இத்தனை கேள்வியா?

ஆடி 15, புதன்

பூசாரி வாய் இருக்கே, அதுக்கு ஒரு குண்டு போட்டு மூடணும். அர்ச்சனைத் தேங்காயையும் திருநீறையும் நேரா கோமு அக்கா வீட்ல கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. "உங்க பேருக்குச் செம்பகம்மா அர்ச்சனை பண்ணாக"ன்னு.

காலையில காய் வாங்கப் போறேன். தள்ளுவண்டி அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் அவ நிக்கா. நாங்க பேசிக்கிட மாட்டோம்ல, அண்ணாச்சியை வச்சுத்தான் பேச்சு.

"அண்ணாச்சி, ஒரு விசயம் கேட்டீகளா? என் பேருக்கு அர்ச்சனை நடக்குது. நான் படுத்த படுக்கையா கெடக்கேன்னு யாரோ சொன்னாகளாம்."

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. வெண்டைக்காய் இளசு"ன்னாரு அண்ணாச்சி.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி, உத்திராடம் நட்சத்திரத்துக்கு இந்த வருசம் நேரம் சரியில்லன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு. நல்லது செஞ்சா அதுக்கும் ஒரு குத்தம் சொல்லுவாகன்னு போடல."

"அண்ணாச்சி, நான் நடந்து வந்து காய் வாங்குதேன்னு சொல்லுங்க. இன்னும் பல வருசம் வாங்குவேன்னும் சொல்லுங்க."

"அண்ணாச்சி, பெங்களூர்ல காய் தள்ளுவண்டியில வராதாம், ஃபோன்லதான் வருமாம். அதையும் சொல்லுங்க."

அதுக்கு அவ தக்காளியை எடுக்கா, வைக்கா, எடுக்கா, வைக்கா. கடைசியில ஒண்ணுமே வாங்காமப் போயிட்டா. அண்ணாச்சி என்னைப் பாத்து, "ஆச்சி, நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா நான் சீக்கிரம் அடுத்த தெருவுக்குப் போவேன்"னாரு.

இவருக்கும் என் மேலதான் குத்தம்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் பண்ணுனேன். சர்க்கரைப் பொங்கல் பண்ணலியான்னு வடிவு கேட்டா. இந்த வீட்ல இனிப்பு பண்ணுறது இல்லன்னேன். ஏன்னு கேட்டா. அடுப்புக்கு ஆகாதுன்னேன்.

ஆடி 20, திங்கள்

பத்திரிகைக்காரன் ஃபோன் பண்ணிட்டான். கதை பிடிச்சிருக்காம். சட்டி நினைக்குத இடம் ரொம்பப் பிரமாதமாம். ஆனா முடிவு சரியில்லையாம். "சாவுல முடிக்குத கதை நிறைய வருதும்மா, வேற யோசிங்க. ஆவணி முதல் வாரம் குடுத்தா போட்டுருதோம்"னானாம். அந்தப் பிள்ளை நல்லாருக்கட்டும், புத்தியுள்ளவன்.

இத்தோட விட்டுச்சான்னா இல்ல. இப்ப என் பின்னாலயே வருதா. அரிசி களையுதேன், பின்னால. துணி மடிக்கேன், பின்னால.

"நீங்க அந்தச் சட்டியைக் கொண்டுபோய்க் குடுங்க அத்தை. என்ன நடக்குதுன்னு பாத்தாத்தான் எனக்கு முடிவு தெரியும்."

"உன் கதைக்காக நான் போய் அவ வாசல்ல நிக்கணுமா?"

"அத்தை, இது வரலன்னா அப்பா என்னைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்லிருவாரு."

"போயேன். சம்பளம் கசக்குதா?"

மூஞ்சி சுருங்கிப்போச்சு. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதுக்காகச் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா? அதுவும் வெறும் சட்டியை?

ஆடி 24, வெள்ளி

சரி, ஒரு பேச்சுக்கு, குடுக்கதா இருந்தா எதைப் போட்டுக் குடுக்கன்னு வடிவு கேட்டா. ஒரு பேச்சுக்குத்தான்.

"சீனி போடுங்க."

"அவ ஊரை விட்டுப் போறா. சீனி குடுத்தா போறதுக்குச் சந்தோசப்படுதேன்னு நினைப்பா."

"அப்ப அரிசி?"

"இழவு வீட்டுக்கா போறேன், அரிசி கொண்டுபோக?"

"ஊறுகாய்?"

"உப்புச் சாமான் குடுத்தா சண்டை வரும்."

"அதான் ஏற்கனவே வந்துருச்சே அத்தை."

"மிளகாய்ப் பொடி குடுத்தா அதுக்கு மேல. எண்ணெய் பலகாரம் அவளுக்கு ஒத்துக்காது. பழம்னா நாலு நாள்ல அழுகிரும். பூ நான் குடுக்கக் கூடாது."

"அப்ப என்னதான் குடுக்கலாம்?"

"ஒண்ணும் குடுக்க முடியாது. அதான இத்தனை வருசமா சொல்லுதேன்"னேன்.

அவ, "அவங்க என்ன குடுத்து விட்டாங்களோ அதையே குடுத்தா?"ன்னா. நான் எந்திரிச்சு மாவு அரைக்கப் போயிட்டேன். மாவு நேத்தே அரைச்சாச்சுன்னு போன பிறகுதான் தெரிஞ்சுச்சு.

ஆடி 25, சனி

முடியாது முடியாது முடியாது.

ஆடி 29, புதன்

மேட்டுத்தெரு வழியாப் போனேன். ரேசன் கடைக்கு அது சுத்துவழிதான், ஆனா வெயில் கம்மி. அவ வீட்டு வாசல்ல கட்டில் வெளிய கெடக்கு, ஆளு வந்து விலை பேசுதான். அந்தக் கட்டில் நாங்க சேந்து இருந்த வீட்டுக் கட்டிலு. எங்க வீட்டுக்காரக காய்ச்சல்ல கெடந்தப்ப அதுலதான் கெடந்தாக. கோமு அக்காதான் நெத்தியில துணி நனைச்சுப் போட்டுக்கிட்டு இருப்பா, நான் அழுதுக்கிட்டே இருப்பேன், "அழுறவளுக்கு வேலை எதுக்கு, போய்க் கஞ்சி வை"ன்னு விரட்டுவா.

கட்டிலைத் தூக்கி வண்டியில போட்டான். ஒரு கால் ஆடுதுன்னு சொல்லிட்டே போறான். அது முதல்லேருந்தே ஆடும்.

ஆடி 31, வெள்ளி

இன்னைக்கு ஆடி கடைசி வெள்ளி. உனக்கு நெய்வேத்தியம் பண்ணணும்னுதான் சிறுபருப்பு வறுத்தேன். உனக்காகத்தான், சாட்சி நீயே. வெல்லம் கரைச்சேன், தேங்காய்ப்பால் எடுத்தேன், முந்திரி வறுத்தேன். அடுப்பு இத்தனை நாள் கழிச்சு இனிப்பு பாத்து மிரண்டுபோச்சா என்னன்னு தெரியல, ரெண்டு தடவை பொங்கிச்சு. உனக்குப் படைச்சது போக மிச்சம் இருந்துச்சு. மிச்சத்தை எதுலயாவது ஊத்தணும்ல. கைக்கு அந்தத் தூக்குச்சட்டிதான் கிடைச்சுது.

வடிவு சேலை மாத்திக்கிட்டு வந்து நிக்கா, நானும் வாரேன்னு.

"நீ வரக் கூடாது. நீ வந்தா கண்ணு காது மூக்கு வச்சு எல்லாத்தையும் எழுதுவ. நான் போறதே உன் கதை முடிஞ்சு என் குக்கர் குண்டு நிம்மதியா இருக்கணும்னுதான்"னேன். வாழையிலையைச் சட்டி வாயில போட்டு நூல் கட்டிக்கிட்டுக் கிளம்புனேன்.

கதவு திறந்துதான் கெடந்துச்சு. உள்ள பூராம் அட்டைப்பெட்டி. கோமு அக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு டம்ளரைப் பேப்பர்ல சுத்திக்கிட்டு இருக்கா. பெரியத்தான் நாற்காலியில. ஆள் பாதியா ஆயிட்டாக. இதுல ஒரு கஷ்டம் பாத்துக்கோ, எங்களுக்கு நடுவுல காய்க்கார அண்ணாச்சி இல்ல. 

அவதான் ஆரம்பிச்சா. "ஏங்க, வந்தவளை உக்காரச் சொல்லுங்க."

நான், "பெரியத்தான், உக்கார வரல, சட்டியைக் குடுத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லுங்க."

"ஏங்க, எந்தச் சட்டின்னு கேளுங்க."

பெரியத்தான் இவளைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. "எனக்குக் கழுத்து வலிக்கு. நீங்களே பேசிக்கிடுங்க"ன்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாக.

சட்டியைக் கையில குடுத்தேன். இலையைப் பிரிச்சா. மோந்து பாத்தா. உள்ள போயி, கட்டி வச்ச பெட்டியைப் பிரிச்சு கரண்டி எடுத்துக்கிட்டு வந்தா. நின்னுக்கிட்டே ஒரு வாய் குடிச்சா.

"ஏலக்காய் பத்தல"ன்னா.

எத்தனை வருசம் கழிச்சு ஒரு மனுசி வாயைத் திறக்கா, அதுவும் குத்தம் சொல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஆமா, நீ அன்னைக்கு அள்ளிப் போட்டிருந்தியே, பாயாசமா அது, கசாயம் மாதிரி தொண்டையில நின்னுச்சு. சுக்கு வேற. அடியில முந்திரி எல்லாம் ஒண்ணாச் சேந்து கெடந்துச்சு"ன்னேன்.

கோமு அக்கா கரண்டியை அப்படியே வச்சுட்டா.

"புறவாசல்ல ஊத்திட்டேன்னு தெரு முழுக்கச் சொன்னியேட்டி" அப்படின்னா.

நான் பேச்சை மாத்திட்டேன். ஃபேனைக் கழட்டலையான்னு கேட்டேன்.

அவ விடல. என்னைப் பிடிச்சு ஒரு பெட்டி மேல உக்கார வச்சா. அப்புறம் சொன்னா. பெரியத்தானுக்கு வீட்ல பால் காய்ச்சுன அந்த மாசம் ஆபரேசனாம். பிழைச்சு வருவாகளான்னு டாக்டர் கையை விரிச்சிருக்காரு. "கட்டுன வீட்ல ஒரு நாளாவது படுத்துட்டுப் போறேன்"னு சொன்னாகளாம். மகனுக்கும் அந்த வாரம்தான் லீவு. யாருகிட்டயும் சொல்லல. தம்பியைத் தூக்குன வீட்ல போயி அண்ணனுக்கும் இப்படின்னு எப்படிச் சொல்லன்னு இருந்துட்டா.

"பாயாசம் எதுக்குக் குடுத்து விட்ட?"ன்னேன்.

"நீ அப்ப ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கல. மாரி வந்து சொல்லுவா. பாயாசம்னா குடிப்பேன்னு நினைச்சேன்"ன்னா. "குடிச்சிருக்க."

நான் சேலைத் தலைப்பால மூஞ்சியைத் தொடைச்சேன். அந்த வீட்ல அவ்வளவு தூசி, சாமான் கட்டுத வீடுல்லா.

சாயங்காலம் வரைக்கும் பெட்டி கட்டுனேன். அவளுக்குக் கட்டத் தெரியல, கண்ணாடிச் சாமானுக்கு மேல இட்லிக்கொப்பரையை வைக்கா. சொன்னா கேக்கவும் மாட்டா. கிளம்புத நேரத்துல சட்டியைத் தொடைச்சுக்கிட்டே திருப்பித் திருப்பிப் பாத்தா.

"மூடி எங்கட்டி?"

"மூடி இல்லாமத்தான குடுத்து விட்ட."

"மூடி இல்லாம எவளாவது பாயாசம் குடுத்து விடுவாளா? தெரு தாண்டி வரணும், ஈ மொய்க்காது?"

"நான் சொல்லுதேன், மூடி கிடையாது."

"நான் சொல்லுதேன், உண்டு. மூடியைக் கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டு பெங்களூருக்கு வா. சும்மா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

"வாரேன்னு யாரு சொன்னா?"ன்னுட்டு வந்துட்டேன். இவளுக்கு எப்பவும் கடைசிப் பேச்சு இவளுதா இருக்கணும்.

ஆவணி 2, ஞாயிறு

ஸ்டேசனுக்குப் போனேன். இட்லி பொடி தடவிக் குடுத்தேன். பொடி குடுத்தா சண்டை வரும்னு தெரியும், வந்தா வரட்டும். ரயில் ஜன்னல்ல சட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "மத்த பாத்திரமெல்லாம் லாரியில போகுது, இதை மட்டும் எதுக்குத் தூக்கிக்கிட்டு வாரன்னு மகன் கேக்கான்"னா. "மூடி இல்லாத சட்டின்னு சொல்லு"ன்னேன். பெரியத்தான் சிரிச்சாக. ரயில் எடுத்துட்டான்.

வடிவு முடிவு எழுதி அனுப்பிட்டாளாம். வாசிச்சுக் காட்டுனா. சட்டி வீடு போய்ச் சேருது, மூடி மட்டும் கிடைக்கல, ரெண்டு பேரும் அதுக்குச் சண்டை போட்டுக்கிட்டே ரயிலேறுத வரைக்கும் பேசிக்கிட்டு இருக்காக. அவ்வளவுதான் கதை.

"ஏட்டி, மூடி கிடைக்கலன்னு முடிச்சா எவன் படிப்பான்? நான் குத்தவாளி மாதிரியில்ல இருக்கு?"ன்னேன்.

"அது நீங்க இல்ல அத்தை, அது வேற ஒரு செம்பகம்"ங்கா. பேரைக்கூட மாத்தலையாம்.

ஆவணி 3, திங்கள்

பத்திரிகையிலேருந்து சரின்னு சொல்லிட்டாங்களாம். தம்பிக்கு நான்தான் ஃபோன் பண்ணேன். "இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும், பிள்ளை எழுதுது"ன்னேன். அவன் என்னத்தையோ முனங்குனான். "என் வீட்ல இருக்கா, என் சாமானை எடுக்கா, உனக்கென்ன?"ன்னு வச்சுட்டேன். இப்ப அவ இட்லித்துணியை எடுத்து மேசையில விரிச்சு வச்சிருக்கா. நாளைக்கு நான் இட்லிக்கு என்ன செய்யப் போறேன்னு நீதான் பாக்கணும்.

காலையில பால் காய்ச்சி இறக்கி வச்சேன். மூடியை வச்சா டுபுக்குன்னு உள்ள விழுந்து முங்கிருச்சு, வழக்கம்போல. இடுக்கியால எடுத்து, திட்டிக்கிட்டே குழாயில கழுவுனேன். கழுவுதப்ப விரல்ல என்னமோ தட்டுப்பட்டுச்சு. வெட்டுன எழுத்து. தேய்ஞ்சு பாதிதான் இருக்கு, "பொ." மட்டும் தெரியுது. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு முப்பிடாதி. அன்னைக்குத் தூக்குச்சட்டி மூடியோடதான் வந்துச்சு. அந்தப் பாயாசத்தை நான் ஊத்திக் குடிச்சது இந்த மூடியிலதான்.